பிறர் சுவரில் எழுதிய சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. உடம்பைப் பேணுக என்று அறிவுறுத்துவதற்கே இப்பழமொழி பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் அதனுள்ளே எவரும் கேளாத ஒரு வினா மறைந்து கிடக்கிறது. சித்திரம் எழுதியவன் ஒருவன். சுவருக்கு உடையவன் வேறொருவன். அவ்வாறாயின் அச்சித்திரம் யாருக்கு உரியது? சுவருக்கு உடையவன் நாளை வெள்ளையடிக்கத் துணிந்தால், எழுதியவன் என் செய்வான்?

இவ்வினா தருக்கம் பயில்வோருக்கு மட்டும் உரியதன்று. திணைக்களங்களிலும், வங்கிகளிலும், பதிப்பகங்களிலும், வணிக நிறுவனங்களிலும் மாதச் சம்பளம் பெற்று வரைகலைஞர்களாகப் பணியாற்றும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் விடை காணவேண்டிய வினா இது.

வரைகலைஞர் என்பவர் யார்? காலையில் வாங்கும் பிரயாணச் சீட்டு, தபாற் கந்தோரில் நிரப்பும் படிவம், மருந்துப் போத்தலின்மேல் ஒட்டிய தாள், பிள்ளைகளின் பாடநூல் அட்டை ஆகிய இவையெல்லாம் நாள்தோறும் கண்ணிற் படுகின்றன. எழுத்து எவ்வளவு பெரிதாக இருத்தல்வேண்டும், எவ்விடத்தில் வெற்றிடம் விடவேண்டும், எதை முதலிலே கண் காணவேண்டும் என்பவற்றை யாரோ ஒருவர் முன்னரே இருந்து தீர்மானித்திருக்கின்றார். அவரே வரைகலைஞர். இவருள்ளும் இரு வகையினர் உளர். தனித்து நின்று, வருவோரிடம் கூலி பேசி, வேலையை முடித்துக் கொடுத்து விலகுபவர் ஒரு வகையினர். ஒரே நிறுவனத்துள் அமர்ந்து, அந்நிறுவனத்தின் படிவங்களுக்கும் அறிவித்தல்களுக்கும் நூல்களுக்கும் நாளும் உருக்கொடுப்பவர் மற்றொரு வகையினர். இப்பேச்சு இரண்டாம் வகையினரைப் பற்றியது.

இவர்களுடைய தொழிலின் இயல்பையும், அதிலே கிடைக்கும் இன்பத்தையும், நேரக்கூடிய இன்னலையும் விளக்குவதற்கு இருவருடைய வரலாறு போதுமானது. இருவரும் 1902 ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். இருவரும் 1974 ஆம் ஆண்டிலே மறைந்தவர்கள். ஒருவர் ஆங்கிலேயர், பெயர் ஹரி பெக். மற்றவர் ஜெர்மனியிற் பிறந்தவர். பெயர் யான் சிக்கோல்ட். இருவரும் தத்தம் தொழிலின் தலைசிறந்த பணியை இங்கிலாந்திலே, தமக்குச் சொந்தமல்லாத சுவர்களில் எழுதினர்.

ஹரி பெக் ஓர் ஓவியராக நியமனம் பெற்றவரல்லர். 1925 ஆம் ஆண்டளவில் லண்டன் நிலக்கீழ்ப் புகையிரதப் பகுதியின் சமிக்ஞைப் பொறியியலாளர் கந்தோரிலே ஒரு சாதாரண படவரைஞராக அவர் சேர்ந்தார். அதுவும் நிரந்தரமான பதவியன்று. ஆட்குறைப்பு நேர்ந்தபோது அவர் வேலை இழந்து நின்றதும் உண்டு. அக்கந்தோரில் அவருடைய வேலை மின்சுற்றுப் படங்களை வரைவது. பிரயாணிகளுக்கு வழிகாட்டும் படம் வரையுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை. அது விளம்பரப் பகுதியினரின் அலுவல்.

அக்காலத்தில் வழங்கிய வழிப்படங்கள் தேசப்படங்களைப் போன்றவை. நிலத்துக்குக் கீழே செல்லும் பாதை எவ்விடத்தில் எவ்வளவு வளைகின்றதோ அவ்வளவு வளைவையும் அவை காட்டின. நகரின் நடுவே நிலையங்கள் நெருங்கியிருந்தமையால் படத்தின் நடுப்பகுதியில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. நகரின் புறத்தேயோ நிலையங்கள் தொலைவில் இருந்தமையால் தாளின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. பாதைகள் புறநகர்களை நோக்கி நீள நீள இவ்விடர் பெருகியது.

இதனைப் பலரும் கண்டிருப்பர். பெக் அதற்கு அப்பாற் சென்று, பிரயாணிக்கு வேண்டுவது யாது என்று தம்முள்ளே வினவினார். நிலத்துக்குக் கீழே வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கு மேலே உள்ள வீதி தெரிவதில்லை. அது வளைகின்றதா நேரே செல்கின்றதா என்பதால் அவனுக்கு ஆவதொன்றுமில்லை. எந்தப் பாதையில் ஏறவேண்டும், எந்த நிலையத்தில் மாறவேண்டும், இன்னும் எத்தனை நிலையங்கள் உள என்னும் மூன்றுமே அவனுக்கு வேண்டியவை. இதனை உணர்ந்த பெக், 1931 ஆம் ஆண்டில், தம்முடைய ஓய்வுநேரத்தில் ஒரு படம் வரைந்தார். அதில் பாதைகள் யாவும் நேர்கோடுகளாயின. அவை கிடையாகவோ, செங்குத்தாகவோ, 45 பாகை சாய்ந்தோ மட்டுமே சென்றன. நெருங்கியிருந்த நடுநகர் விரிக்கப்பட்டது. பரந்திருந்த புறநகர் சுருக்கப்பட்டது. நிலத்தின்மேல் உள்ளவற்றுள் தேம்ஸ் நதி ஒன்று மட்டும், திசை அறிவதற்காக, எஞ்சியது.

தூரத்தைப் பொறுத்தவரை அப்படம் பொய் கூறியது. வழியைப் பொறுத்தவரை உண்மை கூறியது. பிரயாணிக்குத் தேவையான உண்மை எது என்று தெரிந்து, தேவையற்ற உண்மையைத் துணிந்து நீக்கியதே பெக்கின் சாதனை. நிறுவனத்தின் உள்ளிருந்து பணிசெய்யும் வரைகலைஞருக்கு வெளியார் பெறவியலாத ஒரு பேறு உண்டு. அந்நிறுவனத்தின் அலுவல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அவர் நாளும் அருகிருந்து காண்கின்றார். எந்தப் படிவத்தின் முன்னே மக்கள் திகைத்து நிற்கின்றனர், எந்த அறிவித்தலை எவரும் வாசிப்பதில்லை என்பன அவருக்குத் தெரியும். அக்காட்சியைப் பயன்படுத்துபவருக்கே அப்பேறு பேறாகின்றது. இது முதலாம் பாடம்.

தாம் வரைந்த படத்தைப் பெக் விளம்பரப் பகுதியினரிடம் கொடுத்தார். அவர்கள் அதனை ஏற்கவில்லை. தூரத்தைக் காட்டாத படத்தை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வர் என்பது அவர்களுடைய ஐயம். அந்த ஐயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பொதுமக்களுக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர்கள் புதியதைக் கண்டு தயங்குவது இயல்பே. பெக் சினந்து எழுந்து போகவுமில்லை. படத்தைப் பெட்டியிற் போட்டுப் பூட்டவுமில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் கொண்டு சென்றார். இம்முறை அவர்கள் இசைந்தனர். 1933 ஆம் ஆண்டு ஜனவரியில், ஏறக்குறைய 7 இலட்சம் படிகள் சட்டைப்பையில் அடங்கும் மடிப்புத் தாளாக அச்சிடப்பட்டன. பழைய படத்துக்குப் புதிய உருவம் தரப்பட்டுள்ளது, கருத்தை எழுதித் தெரிவியுங்கள் என்று அதன் முகப்பிலேயே பிரயாணிகளிடம் கேட்கப்பட்டிருந்தது. மக்கள் அதனை விரைந்து ஏற்றுக்கொண்டனர். ஒரு மாதத்துள் மீண்டும் அச்சிடவேண்டியதாயிற்று.

இதிலிருந்து பெறப்படும் இரண்டாம் பாடம், மறுப்பை எதிர்கொள்ளும் முறையைப் பற்றியது. மேலதிகாரியின் மறுப்பு ஒரு வேலையின் முடிவன்று. கலைஞர் தம்முடைய சுவையையும் அதிகாரி தம்முடைய சுவையையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடினால் அவ்வாதம் முடிவுறாது. பயன்படுத்துவோரிடம் அதனைக் கொடுத்துப் பார்ப்பதே முடிவு காணும் வழி. அதிகாரி அஞ்சுவது தோல்வியை; சிறிதாகத் தொடங்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டும் கலைஞர், அதிகாரியின் அச்சத்தையும் தம்முடைய பொறுப்பாக ஏற்றுக்கொள்கின்றார்.

இவ்வெற்றிக்காகப் பெக் பெற்ற ஊதியம் சில கினிகள் மட்டுமே. எனினும் அப்படத்தை அவர் கைவிடவில்லை. புதிய பாதை திறக்கப்படுந்தோறும், நிலையத்தின் பெயர் மாறுந்தோறும், படம் மாறவேண்டியிருந்தது. ஓரிடத்தில் ஒரு நிலையத்தைச் சேர்த்தால், அயலிலுள்ள பெயர்கள் யாவும் நகரவேண்டும். ஒரு கோட்டை நகர்த்தினால், அதனோடு பின்னிய மற்றைக் கோடுகளும் அசையும். 1947 முதல் லண்டனிலுள்ள அச்சுக்கலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்திலும், அவர் இத்திருத்தங்களை ஓயாது செய்துவந்தார். இவ்வாறு கால் நூற்றாண்டுக்கும் மேலாக அப்படம் அவருடைய வாழ்வோடு பிணைந்திருந்தது.

1960 ஆம் ஆண்டில் ஒரு புதிய வழிப்படம் வெளிவந்தது. அதில் பெக்கின் பெயர் இல்லை. வேறொருவரின் பெயர் இருந்தது. அவர் அப்போக்குவரத்துச் சபையின் விளம்பர அதிகாரி ஹரல்ட் ஹச்சிசன். பெக்கின் படத்தில் மெல்ல வளைந்த மூலைகள் அப்புதிய படத்தில் கூர்மையாக முறிந்தன. நிலையப் பெயர்கள் சில இடுக்குகளில் நெரிந்து கிடந்தன. பெக் அதிர்ச்சியுற்றார். பதிப்புரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்தபோது, எதிர்காலத் திருத்தங்கள் யாவும் தம்மிடமே ஒப்படைக்கப்படும் என்ற உடன்பாடு இருந்ததாக அவர் நம்பியிருந்தார். நிறுவனம் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. கடிதத்தின்மேற் கடிதமாக எழுதினார். கேளாமலே மேலும் திருத்திய படங்களை வரைந்து அனுப்பினார். 1965 ஆம் ஆண்டளவில் அம்முயற்சியைக் கைவிட்டார். சுவருக்கு உடையவர் வெள்ளையடித்துவிட்டார்.

இதனிலும் துயரமான ஒன்று உண்டு. 1960 ஆம் ஆண்டின் படம் மக்களிடையே வரவேற்புப் பெறவில்லை. 1964 ஆம் ஆண்டில் அதே நிறுவனத்து அலுவலரான போல் காபட் வேறொரு படத்தை அமைத்தார். அதில் பெக்கின் முறை மீண்டும் தலைதூக்கியது. பெக்கின் வழி சரியென்று ஏற்கப்பட்டது. அவ்வழியிற் செல்லுமாறு பெக் அழைக்கப்படவில்லை. ஒரு மனிதனின் கருத்தை வைத்துக்கொண்டு மனிதனை மட்டும் விலக்கிவிடுதல் இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மூன்றாம் பாடம் கசப்போடு வருகிறது. அன்பினாலே செய்யப்படும் வேலைக்கும் எழுத்திலே ஒப்பந்தம் வேண்டும். வேலை தொடங்கும் நாளிலேயே, இது யாருக்கு உரியது, யார் திருத்தலாம், யாருடைய பெயர் பொறிக்கப்படும் என்பவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுதல் அவநம்பிக்கையின் அடையாளமன்று. அதிகாரிகள் மாறுவர், இன்று தலையசைத்தவர் நாளை அந்நாற்காலியில் இருக்கமாட்டார். நினைவில் நின்ற வாக்குறுதிக்குச் சாட்சி இல்லை. நிறுவனங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சட்டப்படி தமக்கு உரியதை மாற்றும்போதுகூட, அதனை உருவாக்கியவரை அழைத்து ஒரு வார்த்தை சொல்லுதல் பண்பாகும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதனைச் செய்யாமையால் ஒரு முதிய மனிதனின் உள்ளம் பல ஆண்டுகள் புண்பட்டிருந்தது.

பெக் அச்சுக்கலைக் கல்லூரியில் ஆசிரியரான அதே 1947 ஆம் ஆண்டில், யான் சிக்கோல்ட் இங்கிலாந்துக்கு வந்தார். அவரை அழைத்தது பென்குயின் பதிப்பகம். 1935 ஆம் ஆண்டு ஜூலையில் அலன் லேன் தொடங்கிய அப்பதிப்பகம், நல்ல நூல்களை 6 பென்ஸ் விலைக்கு விற்றுப் புத்தக உலகையே வியக்கவைத்தது. அதன் முதல் அட்டைகளை அமைத்தவர் 21 வயது நிரம்பிய எட்வேர்ட் யங் என்னும் அலுவலர். மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்று பென்குயின் பறவையைப் பார்த்து வரைந்து வருமாறு அவரை அனுப்பினர். அவர் வரைந்த பறவையும், கிடையாக மூன்றாய்ப் பிரிந்த அட்டையும், கதைக்குச் செம்மஞ்சள், துப்பறியும் நூலுக்குப் பச்சை என்ற நிறமுறையும் மக்கள் மனத்திற் பதிந்துவிட்டன. பின்னர் யுத்தம் வந்தது. தாள் தட்டுப்பாடாயிற்று, நூல்களின் தொகையோ பெருகியது. பதிப்பகத்துக்குச் சொந்த அச்சகம் இல்லாமையால் பல அச்சகங்கள் பலவாறு கோத்தன. ஒரே பதிப்பகத்தின் இரண்டு நூல்கள் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளைப்போல் தோன்றின. இதனை ஒழுங்குபடுத்தவே சிக்கோல்ட் அழைக்கப்பட்டார்.

சிக்கோல்ட் அந்நாளில் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றிருந்தார். லைப்சிக் நகரில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1928 ஆம் ஆண்டில், 26 வயதில், அச்சுக்கலையிற் பழமையனைத்தையும் தள்ளி, நடுவமைப்பை விலக்கி, அலங்காரமற்ற எழுத்துருவையே கையாளவேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு நூலை வெளியிட்டார். 1933 ஆம் ஆண்டில் நாசிகள் ஆட்சிக்கு வந்தபோது அவரைப் பிடித்துச் சில வாரங்கள் சிறைவைத்தனர். விடுதலையானதும் மனைவியுடனும் மகனுடனும் சுவிற்சர்லாந்துக்குச் சென்று பாசல் நகரிலே குடியேறினார். அங்கே பதிப்பகங்களுக்காக நூல்களை அமைக்கும்போது, அவருடைய கருத்து மெல்ல மாறியது. எல்லா நூலுக்கும் ஒரே விதியைத் திணிக்கும் தம்முடைய இளமைக்காலக் கொள்கையிலும், தம்மை நாட்டைவிட்டுத் துரத்திய அரசின் கட்டளை மனப்பான்மையிலும் ஒரே சாயல் இருந்ததை அவர் கண்டார். 1946 ஆம் ஆண்டில் அதனை வெளிப்படையாகவே எழுதினார். பழைய நண்பர்கள் அவரைக் கடிந்தனர். தாம் எழுதிய நூலைத் தாமே மறுத்துரைப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் பலருக்கு வாய்ப்பதில்லை.

அத்தகையவர் பென்குயினுக்கு வந்து செய்தது யாது? தம்முடைய பெயர் விளங்கும்படி அட்டைகளை மாற்றினாரா? இல்லை. மூன்று பிரிவு கொண்ட அட்டையையும், நிறங்களையும், பறவையையும் அவர் காப்பாற்றினார். எழுத்தின் அளவைச் சீராக்கினார், இடைவெளிகளை ஒழுங்குபடுத்தினார், பறவையை மீண்டும் மீண்டும் வரைந்து அதன் நிலையைச் செம்மைப்படுத்தினார். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி வேறுபாடு புலப்படாது. ஆயினும் புதியது கண்ணுக்கு இனிதாக இருக்கும். மக்கள் அடையாளம் கண்டு நேசிக்கும் ஒன்றைப் புதியவர் ஒருவர் வந்ததும் உடைத்தெறிதல் எளிது. அதனுள் நல்லதெது என்று தேர்ந்து, அதனைத் தழைக்கவிடுதல் அரிது. இது நான்காம் பாடம்.

அட்டையிலும் உள்ளே இருந்த பக்கங்களே அவருக்குப் பெரிய வேலையாயின. அச்சுக்கோப்பவர்கள் பலர் சொற்களுக்கிடையே அளவுக்கு மீறிய இடைவெளி விட்டனர். ஒவ்வோர் அச்சகமும் தன் பழக்கத்தையே சட்டமாகக் கொண்டிருந்தது. சிக்கோல்ட் நான்கு பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பு எழுதினார். சொற்களை நெருக்கிக் கோக்கவேண்டும். முற்றுப்புள்ளிக்குப் பின் மிகையான இடம் விடலாகாது. தலைப்பெழுத்துக்களை ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் கோக்கவேண்டும். மேற்கோட் குறி இவ்வாறு, பக்க எண் இவ்வாறு என்று அனைத்தும் அதிலே சொல்லப்பட்டன. விதியை அச்சிட்டு அனுப்பியதோடு அவர் ஓயவில்லை. வந்த பக்கங்களை எல்லாம் தாமே பார்த்துத் திருத்தி அனுப்பினார். சாய்ந்த எழுத்து இரண்டு அருகருகே நின்றால் இடைவெளி பெரிதாகத் தோன்றும். நேரான எழுத்து இரண்டு நின்றால் சிறிதாகத் தோன்றும். ஆதலின் அளவுகோலால் அளந்து இடம் விடாமல், கண்ணுக்குத் தோன்றும் அளவிலே சமன் செய்யவேண்டும். இதனை ஒவ்வொரு தாளிலும் எழுதிச் சலித்த சிக்கோல்ட், அவ்வாக்கியத்தைப் பொறித்த ஓர் இறப்பர் முத்திரையைச் செய்வித்து, வேண்டிய இடமெல்லாம் குத்தி அனுப்பினார்.

அச்சகத்தாரும் அலுவலரும் அவருடன் வாதிட்டதுண்டு. பல ஆண்டுப் பழக்கத்தை ஒரு வெளிநாட்டார் வந்து குறை கூறுவதை யார்தான் விரும்புவர்? தமக்கு உடன்பாடற்ற வாதம் எழும்போது சிக்கோல்டுக்கு ஆங்கிலம் திடீரென விளங்காமற் போய்விடும் என்று அவருடன் பழகியோர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தனர். அச்சூழ்ச்சியை எல்லாரும் பின்பற்றவேண்டியதில்லை. பின்பற்றவேண்டியது அவருடைய பொறுமை. ஒரே திருத்தத்தை நூறுமுறை சொல்ல அவர் வெட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு நன்கு தெரிந்த உண்மை இது. விதியைக் கரும்பலகையில் எழுதுவது ஒரு நாள் வேலை. அது மாணவரின் கையிலே பழக்கமாவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. இதனை ஐந்தாம் பாடமாகக் கொள்ளலாம்.

மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஏறக்குறைய 500 நூல்கள் அவருடைய கண்பார்வையில் உருப்பெற்றன. 1949 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆங்கிலப் பவுணின் மதிப்பு 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்குக் குறைக்கப்பட்டது. சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவருக்கு இங்கிலாந்துச் சம்பளம் அதன்பின் கவர்ச்சியற்றதாயிற்று. அவ்வாண்டு முடிவில் அவர் திரும்பிச் சென்றார். அவர் போனபின் யாது நிகழ்ந்தது? அவருடைய இடத்துக்கு வந்த ஹான்ஸ் ஷ்மொல்லர், அவ்விதிகளை அவ்வாறே கைக்கொண்டு, வேண்டுமிடத்துத் திருத்தி, 1976 ஆம் ஆண்டுவரை அப்பதிப்பகத்தின் நூல்களைப் பேணினார். முத்திரை குத்தவேண்டிய தேவை நாளடைவிற் குறைந்தது. அச்சுக்கோப்பவரின் கையிலே விதி குடியேறிவிட்டது.

இவ்விருவரின் வரலாற்றையும் ஒப்பிட்டு, பெக் தோற்றார், சிக்கோல்ட் வென்றார் என்று கூறுவது பொருந்தாது. சிக்கோல்ட் புகழோடு வந்தவர். தம்முடைய நிபந்தனைகளைப் பேசித் தீர்த்து வந்தவர். விரும்பியபோது திரும்பிச் செல்ல அவருக்கு வேறு இடமும் இருந்தது. பெக் நிரந்தரப் பதவியற்ற படவரைஞராய் இருந்து, எவரும் கேளாத உதவியைச் செய்தவர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் நன்று. சிக்கோல்ட் தம்முடைய வேலையின் சாரத்தை நான்கு பக்கத்தில் எழுதிப் பிறர் கையிற் கொடுத்தார். ஆதலின் தாம் போகவேண்டிய நாளில் அவர் அமைதியாகப் போகமுடிந்தது. பெக் தம்முடைய படத்தைத் தம் கையிலேயே வைத்திருக்க விரும்பினார். அது பறிக்கப்பட்டபோது வாழ்வின் ஒரு பகுதியே பறிபோனதாக உணர்ந்தார். அவருடைய விருப்பம் குற்றமன்று. பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்க யார் விரும்புவர்? ஆயினும் நிறுவனத்துக்குள் இருந்து செய்யப்படும் வேலை, என்றோ ஒரு நாள் பிறர் கைக்குச் செல்லவே பிறந்தது. பெண்ணைப் பெற்றவர் அவளுக்கு நல்லறிவு புகட்டி அனுப்புவதுபோல, செல்லும் இடத்தில் வாழத்தக்க விதிகளோடு அதனை அனுப்பிவைப்பதே அறிவுடைமை. இது ஆறாம் பாடம். மற்றவை யாவும் இதனுள் அடங்கும்.

காலம் பெக்குக்கும் நீதி செய்யாமல் விடவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், லண்டன் நிலக்கீழ்ப் புகையிரத வழிப்படத்தின் ஓரத்தில் ஒரு சிறு வரி சேர்க்கப்பட்டது. 1931 ஆம் ஆண்டில் ஹரி பெக் கருதி அமைத்த படத்திலிருந்து வளர்ந்ததே இப்படம் என்பது அதன் பொருள். உலகின் எத்தனையோ நகரங்களில் இன்று வழங்கும் புகையிரத வழிப்படங்கள், கிடையும் செங்குத்தும் சாய்வுமான அவருடைய கோடுகளையே பின்பற்றுகின்றன. அவர் வரைந்த தாள் மறைந்தது. வரையும் முறை மறையவில்லை. பெக் தம் கையில் வைத்திருக்க விரும்பியது படம். அவர் அறியாமலே உலகுக்குக் கொடுத்துச் சென்றதோ விதி.

ஆதலால் இத்தொழிலை மேற்கொள்ளும் இளைஞர் மனத்திற் கொள்ளவேண்டியவை சில. பயன்படுத்துவோனின் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். மறுப்பைக் கேட்டு மனமுடைதலாகாது. ஒப்பந்தத்தை எழுத்திற் பெறுதல் வேண்டும். முன்னோர் விட்டுச் சென்ற நல்லதைக் காத்தல் வேண்டும். சொன்னதையே சொல்லப் பொறுமை வேண்டும். பின்வருபவர் தொடரத்தக்கவாறு முறைகளை எழுதிவைத்தல் வேண்டும். இவற்றைக் கற்பிக்கக் கணினி எதுவும் வேண்டியதில்லை. இவை இல்லாதவருக்குக் கணினி கைகொடுப்பதுமில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். சுவர் உடையவனுக்கு உரியது. அதில் எழுதிய சித்திரமும் அவனுக்கே உரியதாகிவிடும். அதற்கு வெள்ளையடிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் சித்திரத்தை எழுதக் கற்ற கையும், எதனை எழுதவேண்டும் எதனை விடவேண்டும் என்று தெரிந்த கண்ணும் எந்தச் சுவருக்கும் உரியனவல்ல. அவற்றைத் தேடிக்கொண்டவர், அவற்றைப் பிறருக்கும் கற்பித்துச் சென்றவர், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அழிவதில்லை.